கதவுக்கு உள்ளே இருந்த கேமரா: ஒரு வாடகை வீட்டின் நிகழ்வு ஆய்வு

இதில் வரும் இரண்டு குடும்பங்களும் இந்தக் குறிப்பைப் படித்துப் பார்த்து, வெளியிடலாம் என்று சொன்ன பிறகே இதை எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன். நடந்தபோது நான் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளராக இருந்தேன். இரு தரப்பும் முதலில் வந்து முறையிட்டது என்னிடம்தான். நான் சரியாகச் செய்தவற்றைவிடத் தவறாகச் செய்தவையே பிறருக்குப் பயன்படும் என்பதால் அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பின்னணி

ஒரு தளத்துக்கு இரண்டு வீடுகள் கொண்ட குடியிருப்பு அது. வீடுகளின் வாசல்கள் நேருக்கு நேர். நடுவில் ஐந்தடி அகல வராந்தா. ஒரு வீட்டில் உரிமையாளராகவே பல ஆண்டுகளாக இருக்கும் ஐம்பது வயதுப் பெண்மணி, தன் மகளோடு. எதிர் வீட்டில் எட்டு மாதங்களுக்கு முன் வாடகைக்கு வந்த இளம் தம்பதி, கணவரின் தாயாரோடு. தாயாருக்கு மறதி நோய். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் ஒரு பராமரிப்பாளர் வந்து அந்த அம்மாவைப் பார்த்துக்கொள்வார்.

குடிவந்த இரண்டாவது மாதத்தில் அந்த அம்மா ஒருநாள் கதவைத் திறந்துகொண்டு தனியாக இறங்கிப் போய்விட்டார். பராமரிப்பாளர் சமையலறையில் இருந்த பத்து நிமிடத்துக்குள் நடந்தது அது. தெருமுனையில் கண்டுபிடித்து அழைத்து வந்தார்கள். அதற்குப் பிறகுதான் வாடகைதாரர் கேமரா வாங்கினார். வேடிக்கைக்காகவோ அண்டை வீட்டாரை வேவு பார்ப்பதற்காகவோ அல்ல என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த விவகாரம் முழுவதிலும் எனக்கு அதில் ஐயம் வந்ததில்லை.

வெளிச்சுவரில் எதையும் பொருத்தக் கூடாது, துளையிடக் கூடாது என்பது வாடகை ஒப்பந்தத்தின் நிபந்தனை. எனவே வீட்டுக்குள் வைக்கும் சிறிய கேமரா ஒன்றை வாங்கினார். முதலில் அதை ஜன்னல் கண்ணாடியை ஒட்டி, மாடிப்படியைப் பார்த்தபடி வைத்திருக்கிறார். பகலில் படம் நன்றாக வந்தது. இரவில் கேமராவின் அகச்சிவப்பு ஒளி கண்ணாடியில் பட்டு அதன் மீதே திரும்பி, படம் முழுவதும் வெளுத்துப்போனது. அதனால் கூடத்து அலமாரியின் மேல், வாசலுக்கு ஒன்பதடி தூரத்தில், கதவை நேராகப் பார்த்தபடி வைத்தார். பந்து போன்ற தலை, அசைவு தெரிந்தால் அந்தப் பக்கம் திரும்பித் தொடரும் வசதி, மைக், பதிவுகள் கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பில், 30 நாட்கள், உள்ளே இருக்கும் மெமரி கார்டில் தனியாக இன்னொரு பிரதி.

காற்றுக்காகப் பகலெல்லாம் அந்த வீட்டுக் கதவு திறந்தே இருக்கும். எதிர் வீட்டுக் கதவும் அப்படித்தான்.

பிரச்சினை வெளிப்பட்ட விதம்

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. லிஃப்டுக்காக எதிர் வீட்டுப் பெண்மணியோடு காத்திருந்தபோது வாடகைதாரர் உண்மையான அக்கறையோடு கேட்டிருக்கிறார்: "அக்கா, செவ்வாய்க்கிழமை அழுதுகொண்டிருந்தீர்களே, பரிசோதனை முடிவு வந்துவிட்டதா? நல்லபடியாகத்தானே இருக்கிறது?"

செவ்வாய்க்கிழமை அந்த நேரத்தில் வாடகைதாரர் அலுவலகத்தில் இருந்தவர். பெண்மணிக்கு அது தெரியும். "தம்பி, அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அவர் மறைக்கவில்லை. அம்மா கதவுப் பக்கம் வந்ததால் செல்போனில் எச்சரிக்கை வந்தது, பதிவைப் போட்டுப் பார்த்தேன், அதில் உங்கள் குரலும் கேட்டது என்றார்.

வராந்தாவில் நின்று தன் தங்கையோடு அவர் பேசிய பேச்சு அது. தன் மகளுக்குக்கூட அவர் அப்போது சொல்லியிராத விஷயம்.

மறுநாள் காலை அவர் என் வீட்டுக்கு வந்தார். கோபத்தைவிட நடுக்கமே அதிகம் தெரிந்தது. அந்த அலமாரியில் வெள்ளையாக இருந்ததை இத்தனை நாளும் இரவு விளக்கு என்று நினைத்திருந்தாராம். "இன்று காலை லிஃப்டிலிருந்து என் வாசலுக்கு நடந்தேன். நான் நடந்தால் அது திரும்புகிறது. நின்றால் அதுவும் நிற்கிறது" என்றார். அதைச் சொல்லும்போது தன் கழுத்தை மெதுவாகத் திருப்பிக் காட்டினார். அந்தக் காட்சி இன்றும் எனக்கு மறக்கவில்லை.

முதல் வாரத்தில் நான் செய்த தவறுகள்

கேமரா வீட்டுக்குள் இருக்கிறது, வீட்டுக்குள் என்ன வைப்பது என்பது குடியிருப்பவரின் உரிமை, சங்கம் தலையிட முடியாது: இதுதான் நான் கொடுத்த முதல் பதில். நேரில் போய்ப் பார்க்காமல், கேமராவில் என்ன தெரிகிறது என்று கேட்காமல், அது இருக்கும் இடத்தை மட்டும் வைத்துச் சொன்ன பதில். வேதனையோடு வந்தவரை அது அப்படியே திருப்பி அனுப்பியது.

அடுத்த தவறு இதைவிடப் பெரிது. பெயர் குறிப்பிடாமல், "கேமரா வைத்திருப்பவர்கள் அக்கம்பக்கத்தாரின் அந்தரங்கத்தை மதிக்கவும்" என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பொது அறிவிப்புப் போட்டேன். அரை மணி நேரத்தில் எந்த வீடு என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மறதி நோயாளியைத் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள் என்று ஒருவர் எழுதினார். மறைக்க எதுவும் இல்லாதவர் ஏன் பயப்பட வேண்டும் என்று இன்னொருவர். இரண்டு வீட்டாரும் காயப்பட்டார்கள். அந்தரங்கத்தைக் காப்பதற்கென்று போட்ட அறிவிப்பே இரண்டு குடும்பங்களின் அந்தரங்கத்தையும் பொதுவில் கொண்டுவந்து போட்டது. அதை நீக்கினேன், நீக்குவதற்குள் எல்லோரும் படித்திருந்தார்கள்.

வாட்ஸ்அப்பில் படித்தாரோ, யாராவது சொன்னார்களோ, வாடகை வீட்டின் உரிமையாளர் வாடகைதாரரைத் தொலைபேசியில் அழைத்து, "கேமராவை எடுங்கள், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்யுங்கள்" என்றார். இப்போது ஒரு மறதி நோயாளியின் பாதுகாப்பும் ஒரு குடும்பத்தின் இருப்பிடமும் சேர்ந்து ஆட்டம் கண்டன. அதன் பிறகுதான் நான் உட்கார்ந்து யோசித்தேன்.

நேரில் சோதித்தபோது கண்டவை

இரு தரப்பின் சம்மதத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் கூடினோம். வாடகைதாரர் தன் செல்போனில் நேரலைப் படத்தைத் திறந்து பெண்மணியின் கையிலேயே கொடுத்தார். நான் சொல்லாமல் அவராகவே செய்தது அது. பத்து நாட்களாக அந்தக் கேமரா எதைப் பார்க்கிறது என்று கற்பனை செய்துகொண்டிருந்தவர், முதல் முறையாக உண்மையில் அது பார்ப்பதைப் பார்த்தார்.

இரண்டு கதவுகளும் திறந்திருந்தபோது அவருடைய வாசல் முழுவதும் தெரிந்தது. அதற்கு அப்பால் கூடத்தில் ஏறக்குறைய நான்கடி அகலத்துக்கு ஒரு பட்டை தெரிந்தது: சாய்வு நாற்காலியின் பாதி, மகளின் அறைக்குப் போகும் வழி. "இவ்வளவுதானா?" என்று முதலில் சொன்னார். சற்று நேரம் பார்த்துவிட்டு, "குளித்துவிட்டு அவள் இந்த வழியாகத்தான் அறைக்குப் போவாள்" என்றார். யாரும் எதுவும் பேசவில்லை.

வாடகைதாரர் அடுத்து சொன்னது எனக்குப் புதிய பாடம். முதல் நாளே அக்காவின் வாசலை விட்டுவிட்டுத்தான் எல்லை வரைந்திருக்கிறேன் என்று செயலியைத் திறந்து காட்டினார். உண்மைதான், கதவைச் சுற்றி நீலக் கட்டம் இருந்தது. ஆனால் அது எச்சரிக்கைக்கான எல்லை. அந்தக் கட்டத்துக்குள் அசைவு இருந்தால்தான் செல்போனுக்குத் தகவல் வரும். பதிவு தொடங்கிவிட்டாலோ, கட்டத்துக்கு வெளியே இருப்பதும் சேர்ந்தே பதிவாகும். ஒரு பகுதியைப் படத்திலேயே கறுப்பாக மறைக்கும் வசதி வேறு பட்டியலில், வேறு பெயரில் இருந்தது. அதை அவர் திறந்ததே இல்லை. கேமரா வைத்திருக்கும் பலரும் இந்த இரண்டையும் ஒன்றென்று நம்பிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். போதாக்குறைக்கு, தலை திரும்பும் கேமராக்கள் சிலவற்றில் தலை திரும்பியதும் மறைப்பும் இடம் மாறிவிடும். அவருடையது அந்த வகை.

பிறகு ஒலி. அன்றைய செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வெவ்வேறு இடங்களில் நின்று சாதாரணக் குரலில் வாசித்தேன். அவர்கள் பதிவைக் கேட்டார்கள். கதவு திறந்திருந்தபோது எதிர் வாசற்படியில் நான் வாசித்த ஒவ்வொரு சொல்லும் தெளிவு. பெண்மணியின் கூடத்துக்குள் நின்று வாசித்தபோதும் பாதிக்கு மேல் புரிந்தது. வாடகைதாரர் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வராந்தா நடுவில் நின்று வாசித்தேன். படத்தில் மூடிய கதவு மட்டுமே தெரிந்தது. வாசித்த செய்தி மட்டும் கதவின் அடியில் இருந்த அரை அங்குல இடைவெளி வழியாகத் தெளிவாக உள்ளே போயிருந்தது. வாடகைதாரர் முகம் வாடிப்போய், "மைக் இவ்வளவு தூரம் கேட்கும் என்று நான் நினைக்கவே இல்லை அக்கா" என்றார்.

அன்று வெளிவந்த இன்னொரு விஷயத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்தக் கேமராவை வாடகைதாரர், அவர் மனைவி, வேறு ஊரில் இருக்கும் அவருடைய தம்பி ஆகிய மூவரும் பார்க்க முடிந்தது. மூவருக்கும் ஒரே கடவுச்சொல். பராமரிப்பாளருக்கோ தான் நாள் முழுவதும் பதிவாகிறோம் என்பதே தெரியாது. அண்டை வீட்டுச் சண்டையாகவே நாங்கள் பார்த்துக்கொண்டிருந்ததில், எல்லோரையும்விட அதிக நேரம் அந்தக் கேமராவின் முன் இருந்தவரை ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

சட்டம் பற்றி விசாரித்தவை

நாட்டுக்கு நாடு இது வேறுபடும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். சொந்த வீட்டில் சொந்த உபயோகத்துக்காக எடுக்கும் பதிவுகளுக்குத் தரவுப் பாதுகாப்புச் சட்டங்கள் பொதுவாக விலக்குத் தருகின்றன. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தனிநபரின் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு அந்த விலக்கு இருக்கிறது. ஆனால் வீட்டுக் கேமராவின் பார்வை பொது இடத்தின் மீதும் விழுந்தால் அதை முழுக்க முழுக்க வீட்டு உபயோகம் என்று கருத முடியாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 டிசம்பரில் தீர்ப்பளித்தது. இங்கிலாந்தில் 2021 அக்டோபரில் ஆக்ஸ்போர்ட் நீதிமன்றத்துக்கு வந்த அண்டை வீட்டார் வழக்கில், அழைப்புமணிக் கேமராவும் மற்றக் கேமராக்களும் எட்டும் தூரத்தை ஆராய்ந்த நீதிபதி, படத்தைவிட ஒலிப்பதிவே பெரிய சிக்கல் என்று கண்டார். கலிபோர்னியாவில் அந்தரங்கமான உரையாடலைப் பதிவு செய்யப் பேசுகிற அனைவரின் சம்மதமும் வேண்டும். கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025இல், ஒரே வீட்டில் உடன் குடியிருப்பவரின் சம்மதம் இல்லாமல் குடியிருப்புப் பகுதிக்குள் கேமராவை இயக்கக் கூடாது என்றது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது.

இவற்றில் எதுவும் எங்கள் விவகாரத்தோடு அப்படியே பொருந்தவில்லை. ஆனால் கேமரா எந்தச் சுவருக்கு உள்ளே இருக்கிறது என்பதோடு நீதிமன்றங்கள் நின்றுவிடவில்லை, அதன் கண்ணும் காதும் எது வரை போகின்றன என்றும் பார்த்தன. நான் கொடுத்த முதல் பதில் எவ்வளவு மேலோட்டமானது என்று அப்போது புரிந்தது.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

முதலில் பழைய பதிவுகள். உடனே அழித்துவிடுகிறேன் என்று வாடகைதாரர் செல்போனைக் கையில் எடுத்தார். நான்தான் நிறுத்தச் சொன்னேன். பெண்மணி காவல் துறையிடமோ நீதிமன்றத்திடமோ போக விரும்பினால் அந்தப் பதிவுகளே சான்று. அழித்துவிட்டால் பிறகு யார் சொல்வதும் எடுபடாது. முடிவெடுக்க அவருக்கு இரண்டு நாள் அவகாசம் கொடுத்தோம். அதுவரை யாரும் திறப்பதில்லை என்று ஒப்புக்கொண்டோம். புகார் வேண்டாம், அழித்தால் போதும் என்று அவர் சொன்ன பிறகு, அவர் கண்ணெதிரிலேயே கிளவுடில் இருந்தவற்றை அழித்தார். மெமரி கார்டையும் வெளியே எடுத்து அழித்தார். மெமரி கார்டு ஒன்று இருப்பதையே முதலில் மறந்திருந்தோம்.

அடுத்தது கேமராவின் இடம். அந்த அம்மா கதவை நோக்கி வருவது தெரிய வேண்டும். கதவுக்கு அப்பால் எதுவும் தெரியத் தேவையில்லை. எனவே வாசற்கதவை ஒட்டிய உயரமான அலமாரியின் மேல், கதவுக்கு முதுகு காட்டி, வீட்டின் உட்பக்கம் பார்த்தபடி வைத்தோம். தலை திரும்பும் வசதி நிறுத்தப்பட்டது. மைக்கும் நிறுத்தப்பட்டது. இதில்தான் வாடகைதாரருக்குத் தயக்கம் இருந்தது. அம்மா விழுந்துவிட்டால் கூப்பிடும் குரல் கேட்க வேண்டாமா என்றார். நியாயமான கவலை. அந்த அம்மா படுக்கும் அறையில், கதவிலிருந்து தள்ளி, அழுத்தினால் ஒலிக்கும் அழைப்புப் பொத்தான் ஒன்றை வைப்பது என்று முடிவானது. மறதி நோயாளி அதை நினைவு வைத்து அழுத்துவாரா என்பதில் எனக்கு இன்றுவரை முழு நம்பிக்கை இல்லை. பகலில் பராமரிப்பாளர் உடன் இருப்பதால் ஏற்றுக்கொண்டோம்.

கதவு திறப்பதை அறியக் காந்த உணரி ஒன்றை வாங்கினார்கள். இரண்டு சிறிய துண்டுகள். ஒன்று கதவில், ஒன்று நிலையில், இருபக்க ஒட்டுநாடாவால் ஒட்டிவிடலாம். துளை வேண்டியதில்லை என்பதால் உரிமையாளரின் நிபந்தனைக்கும் பங்கமில்லை. துண்டுகள் பிரிந்ததும் வீட்டுக்குள் மணி அடிக்கும், செல்போனுக்கும் தகவல் போகும். சொல்லப்போனால், வாடகைதாரருக்கு ஆரம்பத்திலிருந்தே தேவைப்பட்டது இதுதான். கதவு திறந்ததா என்று தெரிந்துகொள்ள அவர் கேமரா வாங்கியிருந்தார்.

பதிவுகள் 30 நாளுக்குப் பதில் 3 நாள். தம்பியின் அணுகல் நீக்கப்பட்டது. கடவுச்சொல் மாற்றப்பட்டு, அதோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு சேர்க்கப்பட்டது. பராமரிப்பாளரிடம் எல்லாவற்றையும் சொல்லி அவர் கருத்தையும் கேட்டோம். மதியம் தான் சற்றுக் கண்ணயரும் மூலை மட்டும் படத்தில் வேண்டாம் என்றார். தலை அசையாத நிலையில் இப்போது மறைப்பு இடம் மாறாது என்பதால் அந்த மூலை கறுப்பாக்கப்பட்டது.

உரிமையாளரிடம் நான் பேசினேன். காலி செய்யும் பேச்சைக் கைவிட்டார். ஆனால், "அந்தச் செயலியில் என்னையும் சேர்த்துவிடச் சொல்லுங்கள், வீடு என்னுடையதுதானே" என்றார். மறுத்துவிட்டோம். வாடகைக்கு விட்ட வீட்டின் உட்புறத்தை உரிமையாளர் செல்போனில் பார்ப்பது, நாங்கள் தீர்க்க முயன்ற தவறைவிடப் பெரிய தவறு. இதை அவருக்குப் புரியவைக்க மூன்று முறை பேச வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். கேமராவின் இடத்தை மாற்றினால் முன்கூட்டியே சொல்வது, பெண்மணி கேட்டால் நேரலைப் படத்தைக் காட்டுவது என்ற இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொன்னவர் வாடகைதாரரின் மனைவி.

பின்னர் நடந்தது

முதல் இரண்டு வாரம் காந்த உணரி எல்லோரையும் படுத்தியது. குப்பை வைக்கத் திறந்தாலும் மணி. பகலில் கதவைத் திறந்து வைக்கும் வழக்கத்தையே அவர்கள் விட வேண்டியிருந்தது. வீட்டுக்குள் புழுக்கம் கூடியது என்று பராமரிப்பாளர் குறைபட்டுக்கொண்டார். ஒட்டுநாடா ஒருமுறை பிடிவிட்டு விழுந்ததால் நள்ளிரவில் மணி அடித்து இரண்டு வீட்டாரும் எழுந்தார்கள்.

இரண்டாம் மாதத்தில் அந்த அம்மா மறுபடியும் கதவைத் திறந்தார். மணி கேட்டுப் பராமரிப்பாளர் ஓடிவந்தபோது அவர் மாடிப்படியின் இரண்டாவது படியில்தான் இருந்தார். கேமரா மட்டும் இருந்த காலத்தில், எச்சரிக்கை அலுவலகத்தில் இருக்கும் மகனுக்குப் போய், அவர் பார்த்து, பராமரிப்பாளருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டியிருந்தது.

பெண்மணி ஒப்பந்தப்படி இரண்டு முறை நேரலைப் படத்தைக் கேட்டுப் பார்த்தார். அதன் பிறகு கேட்கவில்லை. அவருடைய பரிசோதனை பற்றி அந்த வீட்டார் யாரும் ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை. அவராகவே ஒருநாள் வாடகைதாரரின் மனைவியிடம் சொன்னதாக அறிந்தேன். என்ன சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மீண்டும் இப்படி ஒன்று வந்தால்

முறையீடு வந்த அன்றே, பொது அறிவிப்புகள் எதுவும் இல்லாமல், இரு தரப்பையும் தனித்தனியே பார்ப்பேன். கேமரா வைத்திருப்பவரிடம் முதல் கேள்வி அதை எங்கே வைத்தீர்கள் என்பதாக இருக்காது. எதற்காக வைத்தீர்கள் என்று கேட்பேன். இங்கே அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் இருந்தது: அம்மா கதவைத் திறந்தால் தெரிய வேண்டும். அதை முதல் நாளே கேட்டிருந்தால் காந்த உணரியின் யோசனை மூன்று வாரம் முன்பே வந்திருக்கும்.

நேரலைப் படத்தைப் பார்ப்பதோடு ஒலிச் சோதனையையும் சேர்த்தே செய்வேன். கதவு திறந்த நிலை, சாத்திய நிலை, பகல், இரவு என்று நான்கிலும். இரவுச் சோதனையை அப்போது செய்யாமல் விட்டோம். யார் யாருக்கு அணுகல் இருக்கிறது, எத்தனை இடத்தில் பிரதி இருக்கிறது என்று எழுதிக் கேட்பேன். வீட்டில் வேலை செய்பவரை முதல் கூட்டத்துக்கே அழைப்பேன்.

சங்கத்தில் இப்போது புதிதாகக் குடிவருபவர்களுக்குக் கொடுக்கும் தாளில், கேமரா வைத்தால் எதிர் வீட்டாருக்கு ஒருமுறை அதன் படத்தைக் காட்டிவிடுங்கள் என்ற வேண்டுகோள் இருக்கிறது. கட்டாயம் இல்லை. இதுவரை மூன்று வீட்டார் காட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பெண்மணி இன்றும் வராந்தாவில் நின்று தொலைபேசியில் பேசுவதில்லை. அழைப்பு வந்தால் செல்போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார்.